புரொஜெக்டரில் படம் நடுநடுவே அறுகிறதா? எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

ஞாயிற்றுக்கிழமை இரவு. வீட்டில் ஒன்பது பேர், படம் முடிய இன்னும் பத்து நிமிடம். திரை சட்டென்று கறுத்தது. வசனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு வினாடியில் படம் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வந்தது. "யாருப்பா ரிமோட்ட மிதிச்சது?" என்றார் மாமியார். யாரும் மிதிக்கவில்லை. படம் முடிவதற்குள் இன்னும் ஐந்து முறை அப்படி ஆனது. கடைசி முறை போனபோது வில்லன் செத்தானா தப்பினானா என்றே தெரியாமல், பின்னால் ஓட்டிப் பார்த்தோம்.

எங்களுடையது சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. புரொஜெக்டர் சீலிங்கில் தொங்குகிறது, எதிர்ச்சுவரில் 100 அங்குலத் திரை, அதற்குக் கீழே அலமாரியில், ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் ரிசீவரும் பிளேயரும். அலமாரிக்கும் புரொஜெக்டருக்கும் இடையே ஒரே ஓர் எச்டிஎம்ஐ கேபிள். நேராக அளந்தால் நாலு மீட்டர்கூட வராது. ஆனால் வரவேற்பறையின் ஒரு பக்கச் சுவர் பாம் ஷெல்டரின், அதாவது வீட்டுக்குள் இருக்கும் குண்டுத் தடுப்பு அறையின் சுவர். அதை வெட்டிக் கேபிள் பதிக்க முடியாது. அதனால் புதுப்பிப்பு வேலை செய்தவர்கள் மறுபக்கமாகச் சுற்றி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டு, 12 மீட்டர் கேபிள் போட்டிருந்தார்கள். மூன்று வருடம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு பிளேயரை 4கே-க்கு மாற்றினேன். தொல்லை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும், அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். மச்சான் நல்ல கேபிளாக வாங்கச் சொன்னார். அலுவலக நண்பர் ஃபைபர் என்றார். இன்னொருவர் வயர்லெஸ் என்றார். புரொஜெக்டரை விற்றுவிட்டு 85 அங்குல டிவி வாங்கச் சொன்னவரும் உண்டு, அவர் பேச்சை என் மனைவி கொஞ்சம் அக்கறையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டியதில் எந்த வழி யாருக்குச் சரிப்படும் என்பது ஓரளவு பிடிபட்டது. விலையை வைத்து முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது. கேபிள் போகும் பாதையில் கை வைக்க முடியுமா முடியாதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கும் முன்னால், குற்றவாளி கேபிள்தானா என்று பார்க்க வேண்டும்.

முதலில் குற்றவாளியைப் பிடியுங்கள்

படம் போகும்போது சத்தம் இருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் வீட்டைப்போல ரிசீவர் வழியாகச் சத்தம் வந்து, படம் மட்டும் போனால், பெரும்பாலும் கோளாறு ரிசீவருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில். இரண்டும் சேர்ந்து போனால் பிளேயரிலிருந்து ரிசீவருக்கு வரும் சிறிய கேபிளையும் சந்தேகப்படுங்கள். அது ஒரு மீட்டர் கேபிள்தானே என்று யாரும் அதைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது சோதனைக்கு ரிமோட் போதும். புரொஜெக்டரின் சொந்த மெனுவைத் திரையில் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். படம் மறைந்து மெனு மட்டும் நின்றால், புரொஜெக்டர் நல்லபடியாக இருக்கிறது, அதற்கு வந்து சேரவேண்டியதுதான் வரவில்லை. மெனுவும் சேர்ந்து இருண்டால் கோளாறு விளக்கிலோ மின்சாரத்திலோ புரொஜெக்டர் உள்ளேயோ இருக்கிறது. அப்படியானால் கேபிளுக்குக் காசு செலவழிக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. எல்லாரும் புரொஜெக்டரைக் கீழே இறக்க யோசித்து இதை விட்டுவிடுகிறார்கள். அதை ஏன் இறக்க வேண்டும்? பிளேயரை மேலே ஏற்றினால் போயிற்று. நான் மடக்கு ஏணியை விரித்து, மேல் தட்டில் பிளேயரை வைத்து, ஒன்றரை மீட்டர் கேபிளால் நேராகப் புரொஜெக்டரில் செருகினேன். சத்தம் புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரில், டப்பாவுக்குள் பேசுவதுபோல வந்தது. பரவாயில்லை. இரண்டு இரவு, மூன்று படம், ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஏணியை மடக்கும்போது எனக்கு முடிவு தெரிந்துவிட்டது: கேபிள்தான்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கறுப்பும் கோளாறு அல்ல. சினிமா வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), இங்குள்ள தொலைக்காட்சி ஒளிபரப்பு 50, ஸ்ட்ரீமிங் பெட்டியின் முகப்புப் பக்கம் பெரும்பாலும் 60. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது புரொஜெக்டர் இரண்டு மூன்று வினாடி இருண்டு, பிறகு ஒத்திசைந்துகொள்ளும். படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் கறுத்தால் அது இயல்பு. படத்தின் நடுவில் போனால்தான் நோய்.

நோய்க்கு முன் ஓர் அறிகுறியும் வரும். இருட்டான காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்மினிபோல மின்னி மறையும். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக மின்னியிருக்கிறது. படத்தில் மழை பெய்கிறது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏன் 12 மீட்டரில் திணறுகிறது

எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பின்னால் ஒவ்வொரு வழிக்கும் இவை தேவைப்படும். முழு எச்டி படத்தை 60 சட்டத்தில் அனுப்ப வினாடிக்கு 4.46 கிகாபிட் தகவல் போனால் போதும். 4கே, 24 சட்டம் என்றால் 8.91. 4கே, 60 சட்டம், நிறத்தைச் சுருக்காமல் அனுப்பினால் 17.82. எச்டிஎம்ஐ 1.4 காலத்துக் கருவிகளின் உச்சம் 10.2 கிகாபிட். 2013-ல் வந்த 2.0-வில் 18. 2017-ல் வந்த 2.1-ல் 48. என் பழைய கேபிள் முழு எச்டியைச் சுமந்து மூன்று வருடம் நிம்மதியாக இருந்தது. புதுப் பிளேயர் வந்ததும் சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட அதிவேக அலை மங்கிவிடும். டிஜிட்டல் என்பதால் பழைய ஆன்டெனா டிவிபோலப் படிப்படியாகப் புள்ளி விழுந்து கெடாது. தாக்குப்பிடிக்கும் வரை பளிங்குபோல இருக்கும், கொஞ்சம் மின்னும், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும். ஒரு முறை ஒத்திசைவு அறுந்தால், நகல் தடுப்புக்காக இரண்டு கருவிகளும் மறுபடி ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று நான்கு வினாடி.

சல்லிக்காசு செலவில்லாத வழி: சுமையைக் குறைப்பது

யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். பிளேயரிலோ ஸ்ட்ரீமிங் பெட்டியிலோ வீடியோ செட்டிங்கைத் திறந்து, படத்தின் சட்ட வேகத்துக்கு ஏற்ப வெளியீட்டை மாற்றும் வசதியை ஆன் செய்யுங்கள். சினிமா அப்போது 60-க்குப் பதில் 24-ல் போகும், சுமை பாதியாகும். படத்தின் தரத்தில் இழப்பு எதுவும் இல்லை. படமே 24-ல் எடுத்ததுதானே, மீதியெல்லாம் பெட்டி தானாக நிரப்பியது. பதிலுக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் மேலே சொன்ன இரண்டு வினாடிக் கறுப்பு வரும்.

அடுத்து நிறச் சுருக்கம், செட்டிங்கில் 4:4:4, 4:2:2, 4:2:0 என்று இருக்கும். 60 சட்டத்தில் 4:2:0 வைத்தால் 17.82 என்பது 8.91 ஆகிவிடும். டிஸ்க்கிலும் ஸ்ட்ரீமிங்கிலும் படம் ஏற்கனவே 4:2:0-வாகத்தான் சுருங்கி வருகிறது, அதனால் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கணினியை இணைத்துச் சின்ன எழுத்து படிப்பவர்களுக்கு மட்டும் எழுத்தின் ஓரம் மங்கும். ஆப்பிள் டிவி 4கே-யில் இந்தத் தேர்வோடு, எச்டிஎம்ஐ இணைப்பைச் சோதித்துச் சொல்லும் வசதியும் செட்டிங்கிலேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ல் 4கே வீடியோ பரிமாற்ற வேகத்தை -1, -2 என்று இறக்கும் தேர்வு உண்டு. பல ரிசீவர்களில் ஒவ்வோர் எச்டிஎம்ஐ வாய்க்கும் 'ஸ்டாண்டர்டு', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு நிலை இருக்கும். ஸ்டாண்டர்டில் வைத்தால் பெட்டி தானாகவே அடங்கி அனுப்பும். ஆனால் சில கருவிகளில் எச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) கூடவே போய்விடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் இதை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். சினிமா ஒரு தடவைகூட அறுபடவில்லை. சினிமா மட்டும் பார்க்கும் வீடாக இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன், இந்தக் கட்டுரையும் எழுதியிருக்க மாட்டேன். சனிக்கிழமை அக்கா மகன் பிளேஸ்டேஷனோடு வந்தான். எச்டிஆரும் 60 சட்டமும் சேர்ந்தால், 4:2:0-விலேயே 11.14 கிகாபிட் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரை போனது. கிரிக்கெட்டிலும் அதே கதை. 4கே-யில் 50-ம் 60-ம் கேபிளுக்கு ஒரே சுமைதான், 50 என்பதால் சலுகை கிடையாது. "மாமா, நீங்க வேணும்னே ஆஃப் பண்றீங்களா?" என்று அவன் கேட்ட பிறகுதான் அடுத்த வழிகளைத் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

செம்புக் கேபிளையே புதிதாகப் போடுவது

பாதை ஐந்து மீட்டருக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். பெட்டியில் '4கே', '2.0' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பதிப்பு எண் கருவிகளுக்கானது, கேபிளுக்கு அப்படி ஒரு தரவரிசையே இல்லை. 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்றால் 18 கிகாபிட்டுக்குச் சோதித்தது, 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்றால் 48-க்கு. பெட்டியில் ஒட்டிய வில்லையைக் கைப்பேசியால் வருடிப் பார்த்து அசலா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

12 மீட்டருக்கு இது சரிப்படாது. அந்த நீளத்தில் வெறும் செம்பு 18 கிகாபிட்டைச் சுமக்கும் என்று யார் சொன்னாலும், வாங்குமுன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, நீளத்தை ஈடுகட்டக் கம்பியைத் தடிமனாக்குவார்கள். கட்டை விரல் தடிமனில் ஒரு கேபிள் சீலிங்கிலிருந்து தொங்கினால் புரொஜெக்டரின் வாய் தளர்ந்துவிடும். அப்புறம் தலைவலி போய்த் திருகுவலி.

ஃபைபர் எச்டிஎம்ஐ

பெயரில் ஃபைபர் இருந்தாலும் முழுவதும் ஃபைபர் இல்லை. படத்தைக் கொண்டுபோகும் நான்கு அதிவேகத் தடங்கள் மட்டும் கண்ணாடி இழை. சரிபார்ப்பு, ரிமோட் கட்டளை போன்ற மெதுவான வேலைகளுக்குப் பெரும்பாலான கேபிள்களில் உள்ளே மெல்லிய செம்பு இருக்கிறது. இரு முனைச் செருகிகளுக்குள்ளும் சின்னச் சில்லுகள். ஒன்று மின்சாரத்தை ஒளியாக்கும், மற்றது ஒளியை மின்சாரமாக்கும். 15 மீட்டர், 30 மீட்டர் எல்லாம் இதற்கு விளையாட்டு. எடையும் இல்லை, ஒரு சார்ஜர் வயரைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே.

குறைகள் இருக்கின்றன, கடையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, இதற்குத் திசை உண்டு. ஒரு முனை பிளேயர் பக்கம், மறுமுனை திரைப் பக்கம், செருகியில் எழுதியிருக்கும். மச்சான் வீட்டில் முழுக்க இழுத்து, பெட்டியடித்து, வர்ணமும் பூசிய பிறகுதான் தலைகீழாகப் போட்டது தெரிந்தது. இரண்டு, செருகிக்குள் இருக்கும் சில்லுக்கு மின்சாரம் எச்டிஎம்ஐ வாயிலிருந்தே வருகிறது. 5 வோல்ட், அதுவும் கருவி கட்டாயமாகத் தரவேண்டியது 55 மில்லி ஆம்பியர்தான். அது போதாத பெட்டியோடு சேர்ந்தால் ஃபைபர் போட்டும் படம் அறுபடும், 'இவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா' என்று மண்டை காயும். தனியாக யூஎஸ்பி மின்சாரம் கொடுக்கும் வால் வைத்த கேபிளாகப் பார்த்து வாங்கினால் இந்தக் கவலை இல்லை. மூன்று, மடக்கக் கூடாது. கேபிள் டையைப் போட்டு இறுக்கினாலோ மூலையில் கூர்மையாக ஒடித்தாலோ இழை முறியும். முறிந்தால் ஒட்டவைக்க வழியில்லை, தூக்கிப் போடவேண்டியதுதான்.

நான்காவது, சிங்கப்பூர் வீடுகளில் நிஜமாகவே இடிக்கும் விஷயம். சுவருக்குள் பைப் போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் 20 அல்லது 25 மில்லிமீட்டர் பைப். எச்டிஎம்ஐ செருகியின் அகலமே ஏறக்குறைய 20. கேபிள் நுழையும், தலை நுழையாது. இதற்கென்றே தலை தனியாகக் கழலும் ஃபைபர் கேபிள்கள் வருகின்றன. சிறிய முனையை இழுத்துவிட்டுக் கடைசியில் பெரிய தலையைப் பொருத்திக்கொள்ளலாம். வாங்குமுன் பைப்பின் வாயை ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

கேட்-6 கேபிள் வழியாக அனுப்புவது

புதிய பிடிஓ (தேவைக்கேற்ப வீவக கட்டித்தரும்) வீடுகளில் அறைக்கு அறை கேட்-6 என்ற இணையக் கேபிள் போட்டே சாவி கொடுக்கிறார்கள், அதைப் பயன்படுத்தினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எச்டிபேஸ்டி என்ற முறை இருக்கிறது. இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவில் ஒரே கேட்-6. 100 மீட்டர் வரை போகும். சுவர் பூசும்போதே கேட்-6 விட்டுவைத்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். புரொஜெக்டர் பக்கப் பெட்டிக்கு மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் வகைகள் உண்டு, சீலிங்கில் கூடுதல் பிளக் பாயின்ட் தேட வேண்டாம்.

ஆனால் வீட்டில் இருக்கும் கேட்-6 எங்கே போகிறது என்று பாருங்கள். அது ஒவ்வோர் அறையிலிருந்தும் இணையப் பெட்டி இருக்கும் இடத்துக்குப் போகும். அலமாரியிலிருந்து சீலிங்குக்கு நேராக ஒரு கேபிள் இருக்காது. இரண்டு அறைக் கேபிள்களை அந்தப் பெட்டியில் ஒன்றோடொன்று இணைத்தால் வேலை செய்யலாம். ஆனால் ஒவ்வோர் இணைப்பும் ஒரு பலவீனம், அதை நீக்கத்தானே இவ்வளவு பாடு. நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் வைத்தால் சுத்தமாக வேலை செய்யாது, கேபிள் ஒன்றுதானே தவிர இது இணையம் இல்லை.

பழைய தலைமுறை எச்டிபேஸ்டி 10.2 கிகாபிட் வரைதான். அதற்கு மேல் என்றால் படத்தை அழுத்தி அனுப்பும். 18 கிகாபிட்டை அழுத்தாமல் கொண்டுபோவது 3.0-வில்தான். அதன் விலையில் நல்ல ஃபைபர் கேபிள் பல வாங்கிவிடலாம். இன்னொரு பக்கம், 'கேட்-6 எக்ஸ்டெண்டர்' என்று மலிவாக விற்கும் பல பெட்டிகள் எச்டிபேஸ்டியே இல்லை. படத்தைச் சுருக்கி, மறுமுனையில் விரித்துக் காட்டுபவை. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும்.

வயர்லெஸ்

வாடகை வீட்டில் ஒரு துளைகூடப் போடக்கூடாது என்றால் மட்டும். 60 கிகாஹெர்ட்ஸ் வகை தெளிவாக இருக்கும், ஆனால் நடுவில் ஆள் நடந்தால் அலை தடைபடும். ஒன்பது பேர் உட்காரும் வீட்டில் யாராவது தண்ணீர் குடிக்க எழாமல் இருப்பார்களா? 5 கிகாஹெர்ட்ஸ் வகை, மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று புளோக் முழுக்க ஓடும் வைஃபையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். படம் அறுபடுவதைத் தீர்க்க, அறுபட இன்னும் அதிகக் காரணம் உள்ள ஒன்றை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெட்டியையே மேலே ஏற்றிவிடுவது

தெம்பனிஸில் வாடகைக்கு இருக்கும் நண்பர் இதைத்தான் செய்தார், அவருக்கு இதுதான் சரி. ஸ்ட்ரீமிங் குச்சியைப் புரொஜெக்டரிலேயே செருகிவிட்டார். நீளக் கேபிள் என்ற பேச்சே இல்லை. சத்தத்தை புளூடூத் ஸ்பீக்கரில் விட்டார். சில செயலிகளில் சத்தம் ஒரு நொடியில் சிறு பங்கு பின்னால் வரும், அதைச் சரிசெய்யும் அளவை ஸ்ட்ரீமிங் பெட்டியில் நகர்த்திவைத்துக்கொண்டார்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் அலமாரியில் இருக்கின்றன. சத்தத்தை மேலிருந்து கீழே கொண்டுவர மறுபடியும் ஒரு கேபிள் வேண்டும். அதே கேபிளில் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் வசதி எல்லாப் புரொஜெக்டரிலும் கிடையாது. சினிமாவில் படம் போனால்கூட மன்னிப்பேன், பாட்டு டப்பாச் சத்தத்தில் கேட்டால் மன்னிக்க மாட்டேன்.

என் வீட்டில் நடந்தது

எனக்கு மிஞ்சியது ஃபைபர். பாதையைக் கேட்க, புதுப்பிப்பில் மின்வேலை பார்த்த தம்பிக்குப் போன் செய்தேன்.

"தம்பி, சீலிங்குக்குள்ள பைப் போட்டீங்களா?"

"இல்லண்ணே. கேபிள அப்படியே மேல படுக்க வச்சு மூடிட்டோம். அப்ப யாரும் பைப் கேக்கலையே."

உண்மைதான், நான் கேட்கவில்லை. பழைய கேபிளில் புதியதைக் கட்டி இழுக்கலாம் என்றால், அதைத் தொங்கு கம்பிகளில் ஆங்காங்கே டை போட்டுக் கட்டியிருந்தார்கள். சீலிங்கை உடைத்துத் திறப்பதா? வீவக வீட்டில் இடிப்பது, வெட்டுவது போன்ற சத்தமான வேலைகளை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம், சனி ஞாயிறு கூடாது. நான் விடுப்பு எடுக்க வேண்டும், பூச்சும் வர்ணமும் மறுபடி. கேபிளின் விலையைவிட அதன் விலை பல மடங்கு.

வழி சொன்னது அதே தம்பிதான். "டவுன்லைட் ஓட்டை இருக்குல்லண்ணே?" சீலிங்கில் வரிசையாக ஆறு டவுன்லைட். மெயினை அணைத்து அவர் விளக்குகளைக் கழற்றினார், ஸ்பிரிங் கிளிப்தான், அழுத்தினால் கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றும் கை நுழையும் அளவு ஓட்டை. மின்வேலைக்காரர்கள் பைப்பில் ஒயர் இழுக்கும் நைலான் டேப்பை முதல் ஓட்டையில் விட்டு, அடுத்த ஓட்டையில் விரலால் துழாவிப் பிடித்து, அங்கிருந்து அடுத்ததற்கு. மூன்றாவது ஓட்டையில் கை விட்டபோது தோள்வரை தூசி, ஒரு பல்லியின் எலும்புக்கூடு. இரண்டு மணி நேரத்தில் 15 மீட்டர் ஃபைபர் போய்ச் சேர்ந்தது. வளைவுகளில் ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டத்துக்குக் குறையாமல் விடச் சொன்னேன். டைக்குப் பதில் தளர்வான வெல்க்ரோ பட்டை.

கேபிள் 90 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு, கூலி அதற்குக் கொஞ்சம் அதிகம். இழுப்பதற்கு முன் கேபிளைத் தரையில் விரித்து, ஏணிச் சோதனையை மறுபடி செய்து, அக்கா மகனை ஒரு மணி நேரம் விளையாடவும் விட்டேன். தரையிலேயே ஒரு முறை அறுந்தது. யூஎஸ்பி வாலை ரிசீவரின் பின்னால் செருகியதும் நின்றது. இது சீலிங்குக்குள் போன பிறகு நடந்திருந்தால் கேபிளை அநியாயமாகத் திட்டியிருப்பேன்.

ஜூரோங் வெஸ்டில் இன்னொரு நண்பர் கேட்-6 பக்கம் போனார். அவர் சுவருக்குள் அலமாரியிலிருந்து சீலிங்குக்கு நேராகக் கேட்-6 ஏற்கனவே இருந்தது, வேறு எதுவும் உள்ளே போக இடமில்லை. விளையாட்டும் எச்டிஆரும் அவருக்குத் தேவையில்லை, சினிமா மட்டும். பழைய தலைமுறை எச்டிபேஸ்டி பெட்டி ஒரு ஜோடியைக் கரோசெல் இணையச் சந்தையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிப் போட்டார். 24 சட்டத்தில் 8.91-தானே, இடம் தாராளம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

புதிதாகச் சாவி வாங்கி, இன்னும் சீலிங் மூடாத நிலையில் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். 32 மில்லிமீட்டர் பைப் ஒன்று, வளைவுகள் பெரிதாக, உள்ளே ஒரு நைலான் கயிறு. அதோடு ஒரு கேட்-6-ஐயும் சேர்த்து விடச் சொல்லுங்கள். புதுப்பிப்புச் செலவில் இது கணக்கிலேயே வராது. நானும் இந்தத் தடவை ஃபைபரோடு ஒரு கயிற்றைச் சேர்த்து இழுத்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு மறுபடி எல்லாரும் வந்திருந்தார்கள். படத்தைப் போட்டதும் 24-க்கு மாறுவதற்காகத் திரை இரண்டு வினாடி கறுத்தது. மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது அது இல்ல அத்தை," என்றேன்.